பயணத்துக்கு ஒரே ஒரு ஜூம் லென்ஸ்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஏழெட்டுப் பேரோடு தாராசுரம் போயிருந்தேன். பாதிப் பேர் கேமரா வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். ஐராவதேசுவரர் கோயில் முன்மண்டபத்தின் கல் சக்கரத்தையும் குதிரையையும் வெளியில் நின்று எல்லோரும் நன்றாகவே எடுத்தார்கள். உள்ளே, தூண்களுக்கு நடுவே போனதும்தான் சிக்கல். ஒரு தம்பி தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு, இன்னும் ஓர் அடி பின்னால் கிடைக்குமா என்று காலால் தேடிக்கொண்டிருந்தார். கையில் ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) கொண்ட கேமரா. அதில் மாட்டியிருந்தது ஃபுல் ஃப்ரேம் எனும் பெரிய சென்சாருக்குச் செய்த 24-70 எஃப் 2.8 லென்ஸ். 24-70 என்பது மி.மீ. கணக்கில் ஜூம் வீச்சு; எண் சிறியதானால் காட்சி அகலம். எஃப் எண் சிறியதானால் உள்ளே வரும் ஒளி அதிகம்.

"ஏன் தம்பி இதை வாங்குனீங்க?"

"பின்னாடி ஃபுல் ஃப்ரேம் போகும்போது மாத்த வேண்டாம்ல அண்ணே."

கிட்டத்தட்ட பத்து வருடத்துக்கு முன் என் வீட்டில் நான் சொன்ன அதே வாக்கியம். அன்று இரவு பேருந்தில் திரும்பும்போதே இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

லென்ஸ் மூடியைத் தொலைப்பது, முன்கண்ணாடியைச் சட்டைத் துணியால் துடைப்பது போன்றவற்றை யாரும் சொல்லாமலே ஒரே பயணத்தில் கற்றுக்கொள்வீர்கள். பணத்தையும் படத்தையும் சேர்த்து விழுங்கும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நாளைய கேமராவுக்கு இன்று லென்ஸ் வாங்குவது

2016-இல் என்னிடம் ஏபிஎஸ்-சி கேமராவும், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் இருந்தன. ஒரு கடையில் விசாரித்தபோது, "கிராப் லென்ஸில் (ஏபிஎஸ்-சிக்கென்றே செய்ததில்) காசு போடாதீங்க, ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் வாங்குனா அது முதலீடு" என்றார்கள். கூடப் படமெடுத்த மூத்தவர் ஒருவரும் அதையே சொன்னார். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து 24-70 எஃப் 2.8 வாங்கினேன். கிட் லென்ஸை அந்த வாரமே விற்றுவிட்டேன்.

அடுத்து வந்தது மதுரை சித்திரைத் திருவிழா. தேர் மாசி வீதியில் திரும்பும் முக்கில், ஒரு கடைத் திண்ணையில் விடியற்காலையிலேயே இடம் பிடித்திருந்தேன். தேர் நெருங்கியது. வடம் பிடிப்பவர்கள், மேலே ஆடும் தேர்ச்சீலை, பக்கத்து மாடிகளில் கைகூப்பி நிற்பவர்கள் என்று மொத்தமும் கண் முன்னால் இருந்தது. லென்ஸைக் கடைசி வரை அகலமாக்கியும் ஃப்ரேமுக்குள் வந்தது சக்கரமும் பாதி வடமும்தான். பின்னால் நகரச் சுவர் விடவில்லை, முன்னால் போகக் கூட்டம் விடவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் போனில் எடுத்தான். அவன் படத்தில் தேர் முழுசாக இருந்தது. பெரும்பாலான போன்களின் முக்கியக் கேமரா, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24 முதல் 28 மி.மீ. வரையிலான அகலம் கொண்டது. என் லட்ச ரூபாய் லென்ஸ் என் கேமராவில் 36 மி.மீ. அகலம்தான் காட்டியது.

காரணம் எளிது. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36-க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி அதைவிடச் சிறியது. லென்ஸ் கொண்டுவரும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். சோனி, நிக்கான், ஃபூஜி கேமராக்களில் லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை 1.5-ஆலும், கேனானில் 1.6-ஆலும் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ்-சிக்கென்றே செய்த லென்ஸுக்கும் இதே பெருக்கல்தான். "இது கிராப் லென்ஸ், ஏற்கெனவே கணக்குப் போட்டுத்தான் எண் எழுதியிருப்பார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

36-க்கும் 24-க்கும் அப்படி என்ன வித்தியாசம்? ஒரு பொருளிலிருந்து 10 அடி தள்ளி நில்லுங்கள். 24 மி.மீ. அகலத்தில் பக்கவாட்டில் 15 அடி தெரியும். 36-இல் 10 அடிதான் தெரியும். அதே 15 அடியும் வேண்டுமென்றால் 15 அடி தள்ளிப் போக வேண்டும். திறந்த வெளியில் அந்த ஐந்து அடி பெரிய விஷயமே இல்லை. ஆனால் பயணத்தில் நாம் நிற்பது காசியின் சந்துகளில், செட்டிநாட்டு வீட்டின் நடையில், ரயில் பெட்டிக்குள், பூக்கடைக்கும் சைக்கிளுக்கும் நடுவில். அங்கே ஐந்து அடிக்கு எங்கே போவது?

தூரத்தில் இருப்பது எட்டவில்லையென்றால் வெட்டிப் பெரிதாக்கலாம். 24 மெகாபிக்சல் கேமராவில் 200 மி.மீ. படத்தை 300 மி.மீ. போல வெட்டினாலும் 10 மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சும். நல்ல அளவில் அச்சுப் போட அது போதும். அகலம் போதாத படத்தில் இல்லாததை எதைச் செய்தும் சேர்க்க முடியாது. நாலைந்து படங்களை ஒட்டி பனோரமா ஆக்கலாமே என்பார்கள். மலைக்குச் செய்யலாம். ஓடும் தேருக்கும், அதை இழுக்கும் மனிதர்களுக்கும் முடியாது.

சரி, ஃபுல் ஃப்ரேம் வாங்கிய பிறகாவது அந்த லென்ஸ் உதவியதா? நான் வாங்கியது 2021-இல். அதற்குள் உலகம் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கு மாறியிருந்தது. அதோடு லென்ஸைக் கேமராவில் மாட்டும் வாயான மவுன்ட்டும் மாறியது. 1959-இல் தொடங்கிய எஃப் மவுன்ட்டை விட்டு நிக்கான் 2018-இல் இசட் மவுன்ட்டுக்கு வந்தது. 1987 முதல் இருந்த இஎஃப் மவுன்ட்டைத் தாண்டி கேனான் அதே 2018-இல் ஆர்எஃப் மவுன்ட் கொண்டுவந்தது. எந்த எதிர்காலத்துக்காக வாங்கினேனோ அது வேறு மவுன்ட்டோடு வந்து நின்றது. இடையில் அடாப்டர் எனும் இணைப்பு வளையம் போட்டு ஓட்டலாம், ஓட்டினேன். 900 கிராம் லென்ஸோடு அடாப்டர் எடையும் சேர்ந்து கழுத்தில் தொங்கியது. ஆறு மாதத்தில் விற்றேன். வாங்கிய விலையில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

பணத்தைவிட இன்றைக்கும் ஆறாதது அந்த ஐந்து வருடப் படங்கள்தான். ஹம்பி, வாரணாசி, காரைக்குடி என்று எங்கே எடுத்த படத்தைப் பார்த்தாலும் எல்லாம் இடுப்புக்கு மேல், பாதி வாசல், கோபுரத்தின் ஒரு துண்டு. இடத்தை முழுசாகக் காட்டும் படம் தேடினால் போனில்தான் இருக்கிறது. அதனால்தான் "முதலீடு" என்ற சொல்லை லென்ஸ் கடையில் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கேமராவில் இன்று மாட்டிப் படமெடுக்கப்போகும் கருவி அது. இன்று உங்கள் கையில் ஏபிஎஸ்-சி இருந்தால் 16, 17, அதிகபட்சம் 18-இல் தொடங்கும் லென்ஸ் வாங்குங்கள். ஃபூஜிக்கு 16-80 எஃப் 4 இருக்கிறது; 440 கிராம். சோனிக்கு 18-135 வெறும் 325 கிராம். டாம்ரான் 17-70 எஃப் 2.8, சிக்மா 18-50 எஃப் 2.8 இரண்டும் அருமையானவை. ஃபுல் ஃப்ரேம் இருந்தால் 24-105 அல்லது 24-120 எஃப் 4 வாங்கிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். பின்னால் ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் ஏபிஎஸ்-சி லென்ஸைக் கேமராவோடு சேர்த்தே விற்கலாம். வாங்குபவருக்கும் அதுதான் வசதி.

இன்னும் சந்தேகமாக இருந்தால் கிட் லென்ஸைக் கொண்டே ஒரு சோதனை செய்யலாம். ஜூம் வளையத்தை 24-இல் வைத்து அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க உங்கள் ஊர்ச் சந்தையில் அப்படியே எடுங்கள். மறுநாள் 18-இல் ஒட்டி எடுங்கள். தாராசுரத்தில் அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன்.

300, 400 என்ற எண்ணில் மயங்குவது

18-300, 18-400 என்று பெட்டியில் பார்த்ததும், ஒரே லென்ஸில் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். நான் இவற்றை முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. குடும்பத்தோடு போகிறீர்கள், குழந்தை ஒரு கையில், லென்ஸ் மாற்ற நேரமே கிடையாது, பெரும்பாலும் பகல் வெளிச்சம் என்றால் இந்த மாதிரி சூப்பர்ஜூம் நியாயமான தேர்வு. தவறு எங்கே என்றால், நீளமான முனையைப் பயன்படுத்துவோமா என்று பார்க்காமலே வாங்குவதில்தான்.

உங்கள் பழைய படங்களைக் கணினியில் போட்டு, எந்த ஃபோக்கல் லெங்க்தில் (லென்ஸின் அந்த மி.மீ. எண்ணில்) எத்தனை எடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் அப்படிப் பிரித்துக் காட்டும். நான் எண்ணியபோது என் பயணப் படங்களில் முக்கால்வாசி ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24-க்கும் 85-க்கும் நடுவில் இருந்தன. 200-க்கு மேல் எடுத்தவை பெரும்பாலும் குரங்கும் கோபுரப் புறாவும். பறவைக்காகத்தான் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை, அதற்கு வேறு லென்ஸ்.

28-இல் தொடங்கும் ஜூம்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. டாம்ரானின் 28-200 எனக்குப் பிடித்த லென்ஸ், அந்த வகையில் படமும் நன்றாக வரும். ஆனாலும் 10 அடியில் அது காட்டுவது 13 அடிதான். கோயில், பழைய வீடு, சந்து என்று எடுப்பவருக்கு அந்த இரண்டு அடி உறுத்தும். கடற்கரை, மலை, சாலை என்று போகிறவருக்கு உறுத்தாது.

எஃப் எண்ணில் முதல் பாதியை மட்டும் படிப்பது

"எஃப் 3.5-6.3" என்று எழுதியிருந்தால் 3.5 என்பது மிக அகலமான முனையில் மட்டும். ஜூம் செய்யச் செய்ய இந்த எண் ஏறும், ஒளி குறையும். பல சூப்பர்ஜூம்களில் பாதி நீளம் போவதற்குள்ளேயே 5.6 வந்துவிடும். 3.5-இலிருந்து 6.3-க்குப் போனால் உள்ளே வரும் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

கள்ளழகர் வைகையில் இறங்குவது விடிந்தும் விடியாத நேரத்தில். எஃப் 2.8-இல், வினாடியில் 125-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு) 1600 போதும் என்றால், எஃப் 5.6-இல் அதே வேகத்துக்கு 6400 ஏற்ற வேண்டும். இன்றைய கேமராக்கள் 6400-ஐத் தாங்கும். அதற்கு மேல் போகப் போக முகத்தின் நிறம் கெட ஆரம்பிக்கும். திருவிழா, மாலைச் சந்தை, விளக்கு வெளிச்சம் என்பதுதான் உங்கள் பயணம் என்றால் நீளத்தை விட்டுக்கொடுத்து எஃப் 2.8 வாங்குங்கள். பகலில் சுற்றுகிறவருக்கு எஃப் 4 தாராளம்.

ஸ்டெபிலைசேஷன் எங்கே இருக்கிறது என்று பார்க்காதது

தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் கோயில்களில் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் வைக்க விடமாட்டார்கள். கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அப்போது கை நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு கேமரா உடம்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் லென்ஸில் இருக்க வேண்டும். சோனி ஏ6400, நிக்கான் இசட் 50, கேனான் ஆர்50 ஆகியவற்றின் உடம்பில் இது கிடையாது. சிக்மா 18-50-இலும் கிடையாது. டாம்ரான் 17-70-இல் உண்டு. ஏ6400-இல் சிக்மாவை மாட்டிக்கொண்டு இருட்டு மண்டபத்துக்குள் போனால் சிலைகூட ஆடித்தான் வரும். வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் இதைச் சரிபார்த்தால் போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இது உங்கள் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும். எதிரே நடப்பவர் நடந்துகொண்டேதான் இருப்பார். அவருக்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும்.

எடையைக் கடையில் வைத்து முடிவு செய்வது

கடையில் ஐந்து நிமிடம் தூக்கிப் பார்த்தால் எந்த லென்ஸும் கனக்காது. வாடகைக்கு எடுத்து ஒரு நாள் வெயிலில் நடந்து பாருங்கள். மதியத்துக்கு மேல் பைக்குள் போகிற லென்ஸ் உங்களுக்கானது இல்லை.

மலிவான ஃபில்டர்

ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கண்ணாடிக்கு முன்னால் 200 ரூபாய்க் கண்ணாடியை மாட்டாதீர்கள். தீபத்தை எடுத்தால் பக்கத்தில் ஒரு பொய்த் தீபம் வரும்.

திரையில் 200 சதவீதம் பெரிதாக்கி ஒப்பிடுவது

வேண்டாம்.

பழைய லென்ஸை டார்ச் அடிக்காமல் வாங்குவது

கைமாறிய லென்ஸ் வாங்குவது நல்ல யோசனைதான். என்னிடம் இப்போது இருக்கும் 24-105-ம் அப்படி வந்ததே. ஆனால் சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர்களில் பைக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கேமராவிலிருந்து கழற்றி, பின்பக்கம் வழியாக போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கிளைகள் தெரிந்தால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

அப்புறம் லென்ஸைத் தரையைப் பார்த்துப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தானாக நீண்டு இறங்கினால் ஜூம் தளர்ந்திருக்கிறது. செங்கல் சுவர் ஒன்றை நேராக நின்று எடுத்து நாலு மூலைகளையும் பாருங்கள். மூன்று மூலை தெளிவாகவும் ஒன்று மட்டும் மங்கலாகவும் இருந்தால் அந்த லென்ஸ் எங்கோ கீழே விழுந்திருக்கலாம். விற்பவர் அவசரப்படுத்தினாலும் இந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.