புற்றுநோய் நொதி ஆய்வில் உதவித்தொகையுடன் முனைவர் பட்டம்: விண்ணப்பிப்பது எப்படி?

படி 1: பணம் பற்றிய வரிகளை முதலில் படியுங்கள்

விளம்பரத்தில் ‘முழு நிதியுதவி’ என்று போட்டிருந்தாலும் கல்விக் கட்டணம் அதில் அடங்குமா, மாத உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு, வெளிநாட்டு மாணவருக்கும் அதே தொகைதானா என்று பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

படி 2: நொதியோடு பழகுங்கள்

விண்ணப்பம் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் இங்கேதான். விளம்பரத்தில் ஏபிஎல் கைனேஸ் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைனேஸ், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு மூலக்கூறில் சேர்க்கும் நொதி. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9, 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறிக்கொள்வதால், ஏபிஎல் ஓய்வே இல்லாமல் இயங்கத் தொடங்குகிறது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் என்ற மருந்து, ஏபிஎல்லில் ஏடிபி அமரும் பள்ளத்தில் புகுந்து ஏபிஎல்லை அடக்குகிறது. ஆனால் சில நோயாளிகளிடம் ஏபிஎல்லின் 315ஆம் இடத்துத் திரியோனைன் ஐசோலியூசினாக மாறிவிடுகிறது. மாறியது ஒரே ஓர் அமினோ அமிலம்தான். மருந்தைப் பிடித்திருந்த ஹைட்ரஜன் பிணைப்பு போய்விடுகிறது. பருமனான ஐசோலியூசின் வழியையும் மறிக்கிறது. மருந்து பலிப்பதில்லை.

உங்கள் நொதியைப் பற்றி இப்படி ஒரு பத்தி எழுத வருகிறதா என்று பாருங்கள். புரதத் தரவு வங்கியில் முப்பரிமாண அமைப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றைத் திறந்து, வினை மையத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பாடநூலை மனப்பாடம் செய்வதைவிட இது உதவும்.

படி 3: நெறியாளருக்கு எழுதுங்கள்

‘புற்றுநோயை ஒழிப்பதே என் கனவு’ என்று தொடங்காதீர்கள். அது யாருக்கும் பொருந்தும் வரி. அவருடைய கட்டுரையைப் படித்து ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்தத் தடுப்பான் ஏடிபியோடு போட்டியிடுவது என்றால், ஏடிபி செறிவை உயர்த்தும்போது ஐசி50 மதிப்பு எவ்வளவு மாறுகிறது?’ தடுப்பான் என்பது நொதியை அடக்கும் பொருள்; ஐசி50 என்பது நொதியின் செயலைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் தடுப்பானின் செறிவு. செல்லுக்குள் ஏடிபி மில்லிமோலார் அளவில், அதாவது தாராளமாகவே இருக்கிறது. சோதனைக் குழாயில் வலுவாகத் தெரிந்த தடுப்பான் அங்கே சோர்ந்துபோகலாம். இதை யோசித்தவர் என்று தெரிந்தால் பதில் வரும் வாய்ப்பு கூடும்.

படி 4: சுயவிவரம்

‘புரதச் சுத்திகரிப்பு தெரியும்’ என்பது போதாது. எந்தப் புரதம், அதைப் பிரிக்க எந்த வகைப் பிரிப்புக் குழாய் (column), தூய்மையை எப்படிச் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதங்களை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

படி 5: நேர்காணல்

உங்கள் பழைய ஆய்வில் கட்டுப்பாட்டுச் சோதனைகளை (ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சோதனைகளை) ஏன் வைத்தீர்கள் என்ற கேள்விக்குக் கட்டாயம் தயாராகுங்கள். உங்கள் முறை வரும்போது, முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், நிதி தீர்ந்த பிறகும் வேலை மிச்சமிருந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள்.