தாண்டியாவுக்குப் பாவாடை தாவணியே போதும்

நவராத்திரிக்கு ஆபீஸ் நண்பர்களோடு புதுச்சேரியில் தாண்டியா, அதாவது குஜராத்திக் கோலாட்டம், ஆடப் போகிறீர்களா? குஜராத்தி உடையை வாடகைக்குத் தேடி அலைய வேண்டாம். பருத்திப் பாவாடை தாவணி போதும், புரட்டாசிப் புழுக்கத்துக்கு அதுதான் சுகம். பாவாடை கணுக்காலுக்கு மேல் நாலு விரல் ஏறி இருக்கட்டும். முந்தானையை இடுப்பில் செருகி ஊக்கு குத்திவிடுங்கள்.

மோதிரம் வேண்டாம். கோலின் அடியைத் தளர்வாகப் பிடித்து, நுனியால் மட்டும் தட்டுங்கள். இறுக்கிப் பிடித்தால் எதிரில் இருப்பவர் விரலில் அடி விழும். எனக்கு ஒருமுறை நகமே கறுத்துப் போனது. கோலாட்டம் தெரிந்தவர் இருந்தால் மதிய இடைவேளையில் பத்து நிமிடம் பழகுங்கள்.

அப்புறம், தாண்டியாவோடு சேர்ந்து நடக்கும் கர்பா என்பது நடுவில் விளக்கோ அம்மன் படமோ வைத்துச் சுற்றி ஆடும் வழிபாடு. செருப்பை வெளியிலேயே விட்டுவிடுங்கள்.