பேரப்பிள்ளையை வளர்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன வாரம் சந்தித்த ஒரு பாட்டி, பேத்தியை வளர்க்கும் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர். பேத்தியிடம் நான் பெயரைக் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள், "இவளுக்கு யாரிடமும் பேச வராது" என்றார். பதினைந்து வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்தது போலிருந்தது.

அதிகச் செல்லம், கைப்பேசி எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

"அப்படியே அப்பன் புத்தி"

மகளின் மணவாழ்க்கை முறிந்து பேரன் என்னிடம் வந்தபோது அவனுக்கு நான்கு வயது. கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவான். உடனே நான், "அப்படியே அப்பன் புத்தி" என்பேன். ஆத்திரம் மருமகன்மேல், கேட்டுக்கொண்டிருந்ததோ பிள்ளை.

ஒன்பது வயதில் கூட்டாளியை அடித்துவிட்டு வந்தான். ஏன்டா என்றேன். "எனக்கு அப்பா புத்தி பாட்டி, நான் என்ன பண்றது?" என்றான். தப்பிக்கச் சொன்ன சாக்கில்லை அது. நான் ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்ததை நம்பித் திருப்பிச் சொன்னான்.

உளவியலாளர்கள் சூசன் கெல்மன், கேல் ஹேமன் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு சிறுமி "முடிந்தபோதெல்லாம் கேரட் சாப்பிடுவாள்" என்று சொன்னதைவிட, "கேரட் தின்னி" என்று பட்டம்போலச் சொன்னபோது, அது அவளிடம் மாறவே மாறாது என்று 5, 7 வயதுப் பிள்ளைகள் கூடுதலாக நம்பினார்கள். கேரட்டுக்கே அப்படியென்றால் "முரடன்" என்ற சொல் என்ன செய்யும்! "கோபத்தில் எறிந்துவிட்டாய், எடுத்து வை" என்று செயலைச் சொல்லுங்கள், போதும். உறவினர் யாராவது பிள்ளையின் எதிரில் "அப்பன் மாதிரியே" என்று ஆரம்பித்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

பிள்ளைக்காகப் பதில் சொல்வது

பத்து விநாடி பொறுங்கள்.

பெருமைக் கதை மட்டும் சொல்வது

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் குழு, குடும்பத்தைப் பற்றி 20 கேள்விகள் வைத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தபோது, குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குச் சுயமதிப்பும் அதிகம் இருந்தது. தாத்தா வேலையிழந்து தவித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை" என்று நிம்மதியடைவது

தானாக எதையும் அலசிப் பார்க்காமல் பெரியவர்கள் தந்த அடையாளத்தையே ஏற்றுக்கொள்வதை, உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966இலேயே தனி நிலையாகப் பிரித்துக் காட்டினார். அதனால் பதின்வயதில் பிள்ளை எதிர்க்கேள்வி கேட்டால் கேட்கட்டும்.

அப்பாவைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது

இதையும் செய்தேன். பேரன் கேட்பதையே நிறுத்திவிட்டான். பிறகுதான் உண்மையான ஒன்றைத் தேடிச் சொன்னேன்: "உன் அப்பா நன்றாகப் படம் வரைவார்." அன்றிரவு பென்சிலைக் கேட்டு வாங்கிப் போனான்.