வாராந்திர எலக்ட்ரானிக், இண்டி டான்ஸ் தரவரிசை நிகழ்ச்சியை நடத்துவது எப்படி?

புதிதாக வெளிவரும் எலக்ட்ரானிக், இண்டி டான்ஸ் பாடல்களை வாரந்தோறும் வரிசைப்படுத்தி ஒலிபரப்ப விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த மைக் வாங்கலாம், எந்த மிக்ஸர் வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பாடல் இந்த வாரம் 7-ஆம் இடத்தில் இருப்பதாக நீங்கள் சொல்கிறீர்கள். அது ஏன் 6-இல் இல்லை, ஏன் 8-இல் இல்லை என்று ஒரு நேயர் கேட்டால், விதியைக் காட்டிப் பதில் சொல்ல முடியுமா? முடியுமென்றால் உங்களிடம் இருப்பது தரவரிசை. முடியாதென்றால் அது உங்களுக்குப் பிடித்த பாடல்களின் தொகுப்பு. தொகுப்பும் நல்ல நிகழ்ச்சியே, ஆனால் அதற்கு எண் போடக் கூடாது.

பிரிட்டனின் முதல் விற்பனைத் தரவரிசையை நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் இதழ் 1952 நவம்பர் 14 அன்று வெளியிட்டது. இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, எது அதிகம் விற்றது என்று கேட்டுத் திரட்டிய எளிய கணக்கு அது. 12 இடங்களே கொண்ட அந்தப் பட்டியலில் 15 பாடல்கள் இருந்தன, ஏனெனில் சில இடங்களை இரண்டு பாடல்கள் பகிர்ந்துகொண்டன. கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும், இரண்டு பாடல்கள் சமமாக வந்தால் என்ன செய்வது என்பதையும் முதல் ஒலிபரப்புக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. சமநிலை வந்தால் சென்ற வாரத்தைவிட அதிகம் ஏறிய பாடலை மேலே வைப்பது என் வழக்கம். நீங்கள் வேறு விதி வைக்கலாம். ஆனால் வாரத்துக்கு ஒரு விதி கூடாது.

அடுத்து எல்லையை வகுக்க வேண்டும். ஹவுஸ் வகை இசை பெரும்பாலும் 118 முதல் 128 பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேக அளவு) வரை ஓடும், டெக்னோ அதற்கு மேல், டிரம் அண்ட் பேஸ் 174-ஐ ஒட்டி. இண்டி டான்ஸை இப்படி வேகத்தால் மட்டும் பிடிக்க முடியாது. 105-இலும் வரும், 125-இலும் வரும். கிட்டாரும் கையால் வாசித்த பேஸும் பாடகரின் குரலும் டிரம் மெஷினோடு சேரும் இடம் அது. நியூ ஆர்டர் குழு 1980-களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் செய்ததும், 2001-இல் நியூயார்க்கில் தொடங்கிய டிஎஃப்ஏ லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) செய்ததும் இந்தச் சேர்க்கையைத்தான். ஆகவே வேகத்தை விட்டுவிட்டு, "ஆடுவதற்காகச் செய்யப்பட்டதா, தாளம் இயந்திரத்தை நம்பி நிற்கிறதா" என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் உள்ளே விடுங்கள்.

"புதியது" என்பதற்கும் கணக்கு வேண்டும். 2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புதிய இசை வெள்ளிக்கிழமைகளில் வெளியிடப்படுகிறது. எனவே வெள்ளி தொடங்கி வியாழன் முடிய உள்ள ஏழு நாட்களை ஒரு வாரமாகக் கொள்வது வசதியானது. நடன இசையில் ஒரு சிக்கல் உண்டு. பீட்போர்ட் போன்ற டிஜேக்களுக்கான கடையில் முதலில் வந்துவிட்டு, மற்ற தளங்களுக்குச் சில நாட்கள் கழித்தே வரும் பாடல்கள் ஏராளம். எந்தத் தேதியை எடுப்பது? பொதுமக்கள் எங்கேனும் காசு கொடுத்து வாங்கக் கூடிய முதல் நாளை எடுங்கள். ரீமிக்ஸ், அதாவது ஒரு பாடலை மாற்றியமைத்த வடிவம், தனிப் பாடலா என்ற கேள்வியும் முதல் மாதத்திலேயே வந்துவிடும். மூலத்துக்கும் ரீமிக்ஸுக்கும் கிடைத்த வாக்குகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே இடம் கொடுத்து, எந்த வடிவத்துக்கு வாக்கு அதிகமோ அதை ஒலிபரப்புவதே நியாயம் என்பது என் முடிவு. இல்லையென்றால் ஒரே பாடலின் நான்கு ரீமிக்ஸ்கள் புதியவர்களின் நான்கு இடங்களை அடைத்துக்கொள்ளும்.

இனி, கணக்கு. 20 இடங்கள் கொண்ட பட்டியலுக்கு வாரந்தோறும் 30 பாடல்களைப் போட்டியில் வையுங்கள்: சென்ற வாரப் பட்டியலில் இருந்த 20, புதியவை 10. நன்றாகக் கேட்கிற மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட குழு ஒரு வரிசை தரட்டும். நேயர்களின் வாக்குகள் இன்னொரு வரிசை தரட்டும். ஒவ்வொரு வரிசையிலும் முதலிடத்துக்கு 20 புள்ளி, 20-ஆம் இடத்துக்கு 1, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வாக்கு எண்ணிக்கையை அப்படியே கூட்டாமல் இடமாக மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய ரசிகர் கூட்டம் உள்ள ஒரு கலைஞர் இணைப்பைப் பகிர்ந்தால் ஒரே இரவில் ஆயிரம் வாக்குகள் குவியும், எண்ணிக்கையைக் கூட்டினால் குழுவின் கருத்து அதில் மூழ்கிப்போகும். இடமாக மாற்றினால் அந்த ஆயிரம் வாக்குக்கும் உச்சம் 20 புள்ளிதான்.

இத்துடன் சென்ற வாரம் பெற்ற புள்ளியில் பாதியையும் சேருங்கள். ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒரு பாடல் இந்த வாரம் குழுவிடம் 14, நேயர்களிடம் 18, ஆக 32 பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்ற வாரம் இதே வகையில் பெற்றது 26. அதில் பாதி 13. மொத்தம் 45. இந்த வெள்ளிக்கிழமை வந்த புதிய பாடல் 19-உம் 17-உம் பெற்று 36-இல் நிற்கிறது. இந்த வாரத்துப் புள்ளி கூடுதலாக இருந்தும் அது கீழே இருக்கும். அடுத்த வாரமும் அது 36 பெற்றால், பழைய 36-இல் பாதியும் சேர்ந்து 54 ஆகும். பழைய பாடல் 28-க்கு இறங்கியிருந்தால், அதன் 32-இல் பாதியோடு 44-தான். இரண்டும் இடம் மாறுகின்றன. இந்த ஏற்றமும் இறக்கமும்தான் நேயரை அடுத்த வாரமும் வரவழைக்கின்றன. சென்ற வாரக் கணக்கைச் சேர்க்காவிட்டால் பட்டியல் ஒவ்வொரு வாரமும் தலைகீழாகும், முழுவதையும் சேர்த்தால் அசையவே அசையாது. பத்து வாரம் ஆன பாடலுக்கு விடை கொடுத்துவிடுங்கள்.

உங்கள் சொந்த ரசனை குழுவின் ஒரு வாக்காக மட்டுமே இருக்க வேண்டும். இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். மனதை உருக்கிய ஒரு பாடல் 21-ஆம் இடத்தில் நின்றுவிடும்போது, 20-ஆம் இடத்துப் பாடலோடு அதைச் சத்தமில்லாமல் மாற்றி வைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக நிகழ்ச்சியின் நடுவில் "பட்டியலுக்கு வெளியே" என்று வெளிப்படையாக ஒரு பாடலுக்கு இடம் ஒதுக்குங்கள். அங்கே நீங்கள் விரும்பியதைப் போடலாம். லேபிள்களோடு நட்பு வளரும்போது அவர்கள் இடம் கேட்பார்கள். பணமாகவோ பரிசாகவோ எதை வாங்கினாலும் அன்றோடு அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

பாடல்களைத் தேடுவதற்கு வாரத்தில் இரண்டு பொழுதாவது வேண்டும். கலைஞர்களும் லேபிள்களும் நேரடியாக இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் சிறு லேபிள்களைப் பின்தொடருங்கள். அங்கே வாங்கினால் வேவ், ஃபிளாக் போன்ற முழுத்தரக் கோப்பும் கிடைக்கும். லேபிள்கள் முன்கூட்டியே அனுப்பும் பாடல்களில் வெளியீட்டுத் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன் போடலாமா என்று கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு பாடலையும் இருமுறை, வெவ்வேறு நாட்களில் கேளுங்கள். நள்ளிரவில் பிரமாதமாகத் தோன்றிய பாடல் காலையில் வெறும் சத்தமாகத் தோன்றுவதுண்டு.

கணக்கு ஏட்டில் ஒவ்வொரு பாடலுக்கும் ஐந்து விவரங்கள் இருக்க வேண்டும்: இந்த வார இடம், சென்ற வார இடம், எட்டிய உச்ச இடம், எத்தனை வாரம் இருந்தது, முதலில் நுழைந்த தேதி. தொடக்க நாட்களில் நான் சென்ற வார இடத்தை மட்டுமே எழுதிவந்தேன். ஒரு பாடலை "இந்த வாரப் புதுவரவு" என்று உற்சாகமாக அறிவித்தேன். அது ஆறு வாரம் முன்பு பட்டியலில் இருந்து, இறங்கிப்போய், மறுபடி வந்தது என்று ஒரு நேயர் தன் குறிப்பேட்டைப் பார்த்து எழுதினார். உண்மையில் அது புதுவரவைவிட அரிய செய்தி. அதைச் சொல்லும் வாய்ப்பை நான் தவறவிட்டதே எனக்குப் பெரிய வருத்தம். உங்கள் நேயர்களில் ஒருவராவது எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பார்; அவருக்காகவே ஏட்டைச் சரியாக வையுங்கள்.

ஒலிபரப்பின் உண்மையான சோதனை வேகத்தில் இருக்கிறது. சாதாரண டிஜே நிகழ்ச்சியில் பாடல்களை வேகத்துக்கேற்ப அடுக்கிக்கொள்ளலாம். தரவரிசையில் அந்தச் சுதந்திரம் கிடையாது, அடுத்தது எது என்பதை எண் தீர்மானித்துவிடுகிறது. 118-இலிருந்து 122-க்குப் போவது சுமார் மூன்றரை விழுக்காடு மாற்றம்தான். பீட்டைப் பொருத்தி மிக்ஸ் செய்துவிடலாம். 110-க்கு அடுத்து 128 வந்தால் அது 16 விழுக்காட்டுக்கும் மேல். இழுத்துப் பொருத்தினால் இரண்டு பாடல்களும் கெடும். அங்கே முந்தைய பாடலை இயல்பாக முடியவிட்டு, ஒரு ஜிங்கிளோ (நிகழ்ச்சியின் குறு இசை) உங்கள் குரலோ குறுக்கே வந்து, காது பழைய வேகத்தை மறந்த பிறகு புதியதைத் தொடங்குங்கள். 87-உம் 174-உம் அடுத்தடுத்து வந்தால் கவலை வேண்டாம், ஒன்று மற்றதன் இரட்டிப்பு என்பதால் தாளம் தானே பொருந்தும்.

பேசும் நேரத்தைப் பாடலே அளந்து தருகிறது. கிளப்புக்கான பாடல்களில் மிக்ஸ் செய்வதற்கென்றே தொடக்கத்தில் 16 அல்லது 32 பார் நீளத்துக்கு வெறும் டிரம் இருக்கும். 120 பிபிஎம்மில் நான்கு பீட் கொண்ட ஒரு பார் சரியாக 2 நொடி. 16 பார் என்றால் 32 நொடி. 128-இல் அதே 16 பார் 30 நொடி, 110-இல் ஏறத்தாழ 35 நொடி. கடைசி 4 நொடியைப் பாடலுக்கு விட்டுவிட்டு மீதியில் பேசி முடிக்க வேண்டும். என் வேகத்தில் அது 45 சொற்களுக்கு மேல் போகாது. எழுதி, வாய்விட்டுப் படித்து, கடிகாரம் பார்த்துச் சரிசெய்யுங்கள். இப்படி ஒரு பேச்சு: "11-ஆம் இடம். சென்ற வாரம் 16-இல் நுழைந்த பாடல், ஐந்து படி ஏறியிருக்கிறது. முதல் இரண்டு நிமிடம் டிரம்மும் பேஸும் மட்டும்தான். பிரேக்டவுனில் டிரம் நின்றதும் பின்னால் மெல்ல வருகிற கிட்டாரைக் கவனியுங்கள். அதைப் பாடகரே வாசித்திருக்கிறார்." இதன் பிறகு கலைஞர் பெயர், பாடல் பெயர், லேபிள். எண், நகர்வு, காதுக்கு ஒரு வழிகாட்டல், பெயர் என்ற வரிசை போதும். "அருமையான பாடல்" என்பதை விட்டுவிடுங்கள், அது பட்டியலில் இருப்பதே அதைச் சொல்லிவிட்டது. பெயரைப் பாடல் முடிந்ததும் ஒரு முறை மீண்டும் சொல்லுங்கள், நடுவில் வந்த நேயர் அதற்காகவே காத்திருப்பார். உச்சரிப்பில் ஐயம் இருந்தால் கலைஞரிடமோ லேபிளிடமோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இரண்டு மணி நேரத்தில் 20 பாடல் என்றால் ஒன்றுக்குச் சராசரி 5 நிமிடம் என்று 100 நிமிடம் போகும். பேச்சுக்கும் ஜிங்கிளுக்கும் 20 நிமிடம் மீதி. பட்டியலுக்கு வெளியே உள்ள பாடலுக்கான இடத்தை மிக்ஸில் பாடல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஏழு நிமிட நீள வடிவங்களை முதல் ஐந்து இடங்களுக்கு வைத்துக்கொண்டு, கீழே உள்ளவற்றுக்குக் குறுகிய வடிவத்தைப் போடுங்கள்.

ஒலி அளவைப் பற்றிச் சுருக்கமாக. நடன இசை மிக உரத்து மாஸ்டர் (இறுதி ஒலிச்சீரமைப்பு) செய்யப்படுவதால் உங்கள் குரல் அதற்கடியில் புதைந்துவிடும். நீங்கள் பேசும்போது இசையை நன்றாகத் தாழ்த்துங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 பரிந்துரை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவைச் சொல்கிறது. இணையத்தில் கேட்கிறவர்களுக்கு மைனஸ் 16-ஐ ஒட்டி வைத்தால் நன்றாக இருக்கும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

உரிமை விஷயத்தில் இரண்டு தனி உரிமைகள் உண்டு: பாடலை இயற்றியவருடையது ஒன்று, ஒலிப்பதிவினுடையது மற்றொன்று. வானொலி நிலையத்திலோ உரிமம் பெற்ற இணையத் தளத்திலோ ஒலிபரப்பினால் அவர்களே அதைக் கவனித்துக்கொள்வார்கள்; ஆனால் பாடல், கலைஞர், லேபிள், நேரம், ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு ஆகியவற்றை நீங்கள்தான் தர வேண்டும். அமெரிக்காவில் சட்டப்பூர்வ உரிமத்தின் கீழ் இயங்கும் இணைய வானொலிகள் மூன்று மணி நேரத்துக்குள் ஒரே கலைஞரின் நான்கு பாடல்களுக்கு மேல் போடக் கூடாது, போடப்போகும் பாடல்களின் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே வெளியிடவும் கூடாது. நீங்கள் எங்கிருந்து நடத்தினாலும் பட்டியலை ஒலிபரப்பு முடிந்த பிறகு வெளியிடுவதே நல்லது. முடிவு முன்பே தெரிந்துவிட்டால் கவுண்ட்டவுனுக்கு என்ன வேலை?

1970 ஜூலையில் தொடங்கிய அமெரிக்கன் டாப் 40 நிகழ்ச்சியில் அதன் தொகுப்பாளர் கேசி கேசம் விளம்பர இடைவேளைக்கு முன் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, விடையை இடைவேளைக்குப் பிறகு சொல்வார். அந்த உத்தியை 5-ஆம் இடத்திலிருந்து பயன்படுத்துங்கள்: இன்னும் வராத பாடல்கள் எவை, சென்ற வார முதலிடம் தாக்குப்பிடித்ததா என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி. 2-ஆம் இடத்தின் பெயரைச் சொன்ன கணமே முதலிடம் எது என்பது கூர்ந்து கேட்கும் நேயருக்குத் தெரிந்துவிடும். ஆகவே அந்தப் பாடல் ஓடும்போது குறுக்கே பேசாதீர்கள், அவரே கண்டுபிடிக்கட்டும். முதலிடத்துக்கு இன்ட்ரோவின் மேல் பேசவும் கூடாது. பெயரைச் சொல்லி, ஒரு மூச்சு அமைதி விட்டு, முதல் கிக் டிரம்மிலிருந்து கடைசி ஒலி தேயும்வரை முழுப் பாடலையும் போடுங்கள். மைக்கின் ஃபேடர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) அதுவரை கீழேயே இருக்கட்டும்.