அழிக்கும் முன் ஒரு எக்கோ

ஷெல் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) ஸ்கிரிப்ட்டில் ஆர்எம் (rm, அழிப்பது), எம்வி (mv, நகர்த்துவது) மாதிரி கோப்புகளில் கை வைக்கும் கட்டளை இருந்தால், முதல் தடவை அதற்கு முன்னால் எக்கோ (echo, கொடுத்ததைத் திரையில் காட்டும் கட்டளை) சேர்த்து ஓட்டுங்கள். எதுவும் அழியாது, ஓடவிருந்த வரி மட்டும் திரையில் வரும். நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாகவும் மாறிகளை அவற்றின் மதிப்பாகவும் விரித்துக் கொடுப்பது ஷெல்தான், அது முடிந்த பிறகே ஆர்எம்முக்கு வேலை. ஆகவே மாறி காலியாக இருந்து, பாதையில் வெறும் சாய்கோடு மிஞ்சியிருந்தால் (அது முழுக் கணினியையும் குறிக்கும், இதுதான் வயிற்றைக் கலக்கும் ரகம்) அங்கேயே தெரிந்துவிடும். சரியாக இருந்தால் எக்கோவை எடுத்துவிடலாம்.

வரியில் > குறி (வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்புவது) இருந்தால் இது பலிக்காது. அதையும் ஷெல்லே முதலில் கவனிப்பதால் கோப்பு அப்போதே காலியாகி, எக்கோவின் வரி அதில் போய் உட்காரும். பைப்புக்கு (| குறி, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்புவது) பின்னால் உள்ள கட்டளையும் நிஜமாகவே ஓடும்.