கேரக்டர் செத்துட்டான், படிக்கிறவன் ஏன் அழல?

ஃபேண்டஸி எழுதுறவங்ககிட்ட ஒரு வியாதி இருக்கு, முக்கியமான ஆள் சாகப்போறான்னா உடனே மழை வரும், இடி இடிக்கும், நண்பன் மடியில படுத்துக்கிட்டு ரெண்டு பக்கம் வசனம் பேசுவான். நானும் எழுதியிருக்கேன், ஒரு தளபதி, நெஞ்சுல ஈட்டி, மூச்சு மட்டும் நிக்கவே இல்ல. படிச்ச ஃப்ரெண்டு, "இவ்ளோ நேரம் பேசுறவனை வைத்தியர்கிட்ட தூக்கிட்டு போயிருக்கலாமேடா"ன்னான்.

டோல்கீனோட லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நாவல்ல, ஒரு தீய மோதிரத்தை அழிக்கக் கிளம்புற குழுவுல ஒரு வீரன் போரோமிர், அவன் சாகுற இடத்தை எடுத்துப் பாருங்க. 2001ல வந்த படத்துல அவன் ஒவ்வொரு அம்பா வாங்குறது மனசுல நிக்கும், ஆனா புக்ல அந்த சண்டையையே காட்டல. 1954ல வந்த ரெண்டாம் பாகத்தோட முதல் அத்தியாயம், போரோமிர் ஊதுற கொம்பு சத்தம் கேட்டு அதே குழுவுல இருக்குற அரகார்ன் ஓடுறான், போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு, போரோமிர் மரத்துல சாஞ்சு உக்காந்திருக்கான், உடம்பு பூரா கறுப்பு இறகு வச்ச அம்பு, கையில உடைஞ்ச வாள், பக்கத்துல ரெண்டா பிளந்த கொம்பு. மோதிரத்தைச் சுமந்துட்டு வர்ற ஃப்ரோடோகிட்ட அதை பிடுங்கப் பார்த்தேன், தப்புதான், அதுக்கு விலை குடுத்துட்டேன், இதைத்தான் முதல்ல சொல்றான். கடைசியா தோத்துட்டேங்கிறான். இல்ல, நீ ஜெயிச்சுட்டேன்னு அரகார்ன் சொல்ல லேசா சிரிக்கிறான். அப்புறம் அரகார்ன் அவசரமா, நம்ம ஆளுங்களைத் தூக்கிட்டுப் போன எதிரிங்க எந்தப் பக்கம் போனாங்க, அவங்ககூட ஃப்ரோடோ இருந்தானான்னு கேக்குறான். பதில் வரல. எனக்கு தொண்டை அடைக்கிறது அந்த பதில் வராத கேள்வியிலதான்.

இன்னொண்ணு, மோதிரத்தைப் பிடுங்கப் பார்த்ததுல முந்தின பாகத்துலேயே நமக்கு போரோமிர்மேல கோவம் வந்திருக்கு. நாம என்ன பண்றோம், சாகப்போறவனை முதல் பக்கத்துலேர்ந்தே சொக்கத்தங்கமா காட்டி, மாலை போட்ட ஃபோட்டோவா ஆக்கிடுறோம்.

வில்லனுக்கு இரக்கம் வரணும்னா உடனே சின்ன வயசு ஃப்ளாஷ்பேக், அதுவும் சலிச்சுப் போச்சு. அதே கதையில, அந்த மோதிரத்துக்கு அடிமையாகி, ஃப்ரோடோவுக்கு வழிகாட்டிக்கிட்டே அதைத் திரும்பப் பிடுங்க அலையுற கோல்லமைப் பாருங்க. சிரித் உங்கோல்ங்கிற மலைக் கணவாய்க்கு ஏறுற படிக்கட்டுல ஃப்ரோடோ தன்னோட தோழன் சாம் மடியில தலை வச்சுத் தூங்குறான், சாமும் கண்ணசந்துட்டான், கோல்லம் வந்து நின்னு பார்த்து, நடுங்குற கையை நீட்டி ஃப்ரோடோ முட்டியை மெதுவா தொடுறான், அந்த நிமிஷம் பார்க்க களைச்சுப்போன ஒரு கிழட்டு ஹாபிட் (ஃப்ரோடோவோட குள்ள இனம்) மாதிரிதான் இருப்பான். சாம் முழிச்சு, என்னடா பண்றேன்னு அதட்டுறான். அவ்ளோதான், திருந்த இருந்தவன் பழையபடி ஆயிட்டான். கதையிலேயே பெரிய சோகம் ஒருவேளை இதுதான்னு டோல்கீனே ஒரு லெட்டர்ல எழுதியிருக்கார். இங்க யாரும் சாகவும் இல்ல, சாம் கெட்டவனும் இல்ல, தூக்கக் கலக்கத்துல யார்தான் அதட்ட மாட்டாங்க!

செத்தவனை திரும்பக் கொண்டு வர்றதைப் பத்தி தனியா சொல்லணுமா என்ன. அதே கதையில செத்துப்போன மந்திரவாதி கந்தால்ஃப் திரும்ப வரலயான்னு கேப்பீங்க, வந்தார், ஆனா அந்தக் குழுவுலேயே அப்படி வந்தது அவர் ஒருத்தர்தான்.

என் தளபதி இப்போ நாலே வரியில செத்துட்டான். மூணாம் பாகத்துல அவனை எழுப்புறதா இருந்தேன், அதையும் விட்டுட்டேன்.