மலை ஊர்ல மீன் தொட்டிக்கு நிஜச் செடி: பாத்து வாங்குறதும் பராமரிக்கிறதும்

கடைல போய் செடி வேணும்னா ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு எடுத்து குடுப்பாங்க, பேர் என்னண்ணே-ன்னு கேட்டா "அக்வேரியம் ப்ளான்ட்பா"ன்னு பதில் வரும். கடைக்காரர் மேல தப்பு சொல்ல முடியாது, அவருக்கே கோயம்புத்தூர்ல இருந்தோ சென்னை கொளத்தூர்ல இருந்தோ மூட்டையா தான் வருது. அதனால பேர் தெரியலன்னாலும் பரவால்ல, அந்தச் செடில இலை எந்த எடத்துல இருந்து கிளம்புதுன்னு பாருங்க. பாதி பராமரிப்பு அதுலயே தெரிஞ்சிடும்.

மொதல்ல கழிக்க வேண்டியதை கழிச்சிடுங்க. லக்கி பாம்பூ, சிங்கோனியம், வெள்ளைக் கோடு போட்ட ஸ்பைடர் ப்ளான்ட், மாண்டோ கிராஸ் இதெல்லாம் தரைச் செடி. தண்ணிக்குள்ள முழுசா முக்கினா கொஞ்ச நாள் பச்சையா நிக்கும், அப்புறம் அழுகி தண்ணியையும் கெடுக்கும். லக்கி பாம்பூ தான் வேணும்னா வேர் மட்டும் தண்ணில, இலை வெளிய இருக்குற மாதிரி வைங்க, நல்லா வரும். தண்ணில இருந்து வெளிய எடுத்தா துவண்டு விழுந்தா தான் நிஜ நீர்ச்செடின்னு சில பேர் சொல்லுவாங்க, அதை அப்படியே நம்பாதீங்க, அனுபியாஸ் வெரைப்பா தான் நிக்கும், நர்சரில தண்ணிக்கு வெளிய வளத்த செடியும் அப்படித்தான்.

தண்டு படுத்தவாக்குல இஞ்சி மாதிரி தடியா ஓடி, அதுல இருந்து இலை மேலயும் வேர் கீழயும் போனா அது ரைசோம் செடி. தடிச்ச கரும்பச்சை இலை இருந்தா அனுபியாஸ், நீளமா சொரசொரன்னு இருந்தா ஜாவா ஃபெர்ன். இதை மண்ணுல புதைக்கவே கூடாது, ரைசோம் அழுகிடும், கல்லுலயோ கட்டைலயோ நூல் போட்டு கட்டுங்க. ஜாவா ஃபெர்ன் இலைக்கு அடில வரிசையா பழுப்பு புள்ளி வந்தா நோய்னு வெட்டிடாதீங்க, அது விதைத்தூள் பை. இலை நுனில குட்டிச் செடி தொங்குறதும் நல்லது தான்.

எல்லா இலையும் ஒரே குருத்துல இருந்து கொத்தா கிளம்பினா அமேசான் ஸ்வார்ட், கிரிப்டோகோரைன் (சுருக்கமா கிரிப்ட்), வாலிஸ்னேரியா வகை. இதுங்க வேர் வழியா நெறைய சாப்பிடும், ரெண்டு இஞ்ச் மணல் போட்டு ரூட் டேப் (வேர் கிட்ட புதைக்கிற உர மாத்திரை) வைங்க, நடும்போது குருத்து மட்டும் மணலுக்கு மேல தெரியணும். கிரிப்டை இடம் மாத்தினா இருக்குற இலையெல்லாம் கூழாகி கொட்டிடும், செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, வேரை அப்படியே விடுங்க, திரும்ப வரும். கிரிப்ட் மாதிரியே இருக்கும் லாஜெனான்ட்ரா, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகள்ல தானா வளர்ற இனம் அது, வித்தியாசம் தெரியணும்னா விரியாத குருத்து இலையைப் பாருங்க, லாஜெனான்ட்ரால ரெண்டு ஓரமும் உள்பக்கமா சுருண்டிருக்கும், கிரிப்ட்ல ஒரு பக்கமா பாய் சுருட்டுன மாதிரி இருக்கும்.

ஒரே தண்டு மேல நோக்கிப் போய் கணுக்கு கணு இலை விட்டா ஸ்டெம் செடி: ரோட்டாலா, லட்விஜியா. ரப்பர் பேண்டை கழட்டி, அடி இலைகளைக் கிள்ளிட்டு ஒவ்வொரு தண்டா தனித்தனியா நடுங்க. ஹார்ன்வோர்ட்டுக்கு வேரே கெடையாது, மிதக்க விட்டா போதும்.

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர், வீடியோல சொல்ற 25 டிகிரி எல்லாம் இங்க ஹீட்டர் இல்லாம கெடைக்காது. கீழ சமவெளில லிட்டருக்கு ஒரு வாட் ஹீட்டர்ங்கிற கணக்கு சரி, இங்க கொஞ்சம் கூட போட்டுக்குங்க, 60 லிட்டர் தொட்டிக்கு 100 வாட். ஹீட்டர் வேணாம்னா ஹார்ன்வோர்ட், ஜாவா மாஸ், எலோடியா இந்த மூணோட நிறுத்திக்குங்க, அனுபியாஸ் சாகாது ஆனா இலை விடவே மறந்துடும்.

அடுத்தது தண்ணி. மலைத் தண்ணி பொதுவா மென்மையா இருக்கும், சுண்ணாம்புச் சத்து கம்மி. புது இலை கோணலா சுருண்டு வந்தா, நத்தை ஓடு வெள்ளையா அரிச்சுப் போனா கால்சியம் பத்தலன்னு சந்தேகப்படுங்க. ஃபில்டருக்குள்ள ஒரு துணிப்பைல ஒரு கைப்பிடி கிளிஞ்சல் போட்டா மெதுவா கரையும். இப்படி சுண்ணாம்புச் சத்து ஏறின தண்ணி வாலிஸ்னேரியாவுக்கு ரொம்ப நல்லா ஒத்துவரும். மத்த அறிகுறி: பழைய இலை மொத்தமா மஞ்சளானா நைட்ரஜன் கம்மி, பழைய இலைல ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்தா பொட்டாசியம், புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்பு. வாங்கி வந்த மொத மாசம் பழைய இலை கொட்டுறதை மட்டும் இந்தக் கணக்குல சேக்காதீங்க, தண்ணிக்கு வெளிய வளந்த இலை உள்ள வந்தா கொட்டத்தான் செய்யும், புது இலை எப்படி வருதுன்னு பாத்து முடிவு பண்ணுங்க.

மண்ணு ஓசியா கெடைக்குதேன்னு தேயிலைத் தோட்டத்து மண்ணை அள்ளிப் போட்டுடாதீங்க. கொப்புள நோய்க்கு காப்பர் மருந்து அடிச்ச மண்ணா இருக்கும், இறாலும் நத்தையும் தாங்காது.

லைட் ஒரு நாளைக்கு 6, 7 மணி நேரம் போதும், டைமர் போட்டுடுங்க. வெளிய மூட்டமா இருக்கேன்னு 12 மணி நேரம் எரிய விட்டா செடிக்கு முன்னாடி பாசி தான் வளரும். வாரம் கால்வாசி தண்ணி மாத்துங்க, குழாய்த் தண்ணி ஐஸ் மாதிரி வர்ற மாசத்துல கொஞ்சம் சுடுதண்ணி கலந்து வெதுவெதுப்பாக்கி ஊத்துங்க.

வெட்டின துண்டுகளை ஓடைலயோ ஏரிலயோ போடாதீங்க, ஊட்டி ஏரில ஆகாயத்தாமரையோட படுற பாடே போதும். காய வச்சு உரக்குழில போட்டுடுங்க. ஐப்பசி மழைல மரம் விழுந்து கரண்ட் போனா தொட்டியைச் சுத்தி கம்பளி போத்தி மீனுக்கு தீனி போடாம விடுங்க, ரெண்டு நாள் இருட்டுக்கு செடி ஒண்ணும் ஆகாது, கவலை எல்லாம் மீனுக்குத் தான், அதனால பேட்டரில ஓடுற ஒரு ஏர் பம்ப் வாங்கி வச்சுக்குங்க.